தெருவைக் காணோமே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் கான்கிரீட் அடுக்குமாடிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த படக்கட்டுரையைப் பார்த்தேன். தலைப்பு ‘தெருப் புகைப்படங்கள்’. படங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் தெருவைக் காணோமே! எல்லாம் கீழே நின்று அண்ணாந்து எடுத்தவை. ஒன்றில்கூட ஆள் இல்லை.

ஷெஃபீல்டின் பார்க் ஹில்லில் தெருவே மாடியில்தான் இருக்கிறது. 1961இல் கட்டி முடித்த அந்தக் குடியிருப்பில் வீட்டு வாசல்கள் அகலமான மாடி நடைபாதையில் திறக்கும். பால் வண்டி ஓடும் அளவுக்கு அகலம்! பிள்ளைகள் விளையாடவும் அக்கம்பக்கத்தார் நின்று பேசவும் யோசித்துக் கட்டியது. கிழக்கு லண்டனில் 1972இல் முடிந்த ராபின் ஹூட் கார்டன்ஸும் அதே எண்ணத்தில் எழுந்ததுதான். 2017இல் இடிக்கத் தொடங்கினார்கள். கட்டடத்தின் ஒரு பகுதியை விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் எடுத்து வைத்துக்கொண்டது. அங்கே மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்குப் படங்கள்தான் சாட்சி. அவற்றிலும் ஆள் இல்லையென்றால் எப்படி?

எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்றால், நான் ஊட்டி இந்து நகர்க்காரன். 1967இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற புகைப்பட ஃபிலிம் ஆலையில் வேலை பார்த்தவன். ஃபிலிமில் எமல்ஷன், அதாவது வெளிச்சம் பட்டால் மாறும் ரசாயனப் பூச்சு, பூசுவது இருட்டறை வேலை. ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் ஊட்டி வெயில்கூடக் கண்ணைக் கூசவைக்கும். ‘இந்து’ ஃபிலிம் நாடெங்கும் போனது. அதைச் செய்தவர்களின் குவார்ட்டர்ஸைப் படமெடுக்க அப்போது யாரும் வந்ததாக நினைவில்லை. ஆலையை மூடிய பிறகு வருகிறார்கள். பாசி பிடித்த சுவர், உடைந்த ஜன்னல், மூடுபனி. நாங்கள் யாராவது குறுக்கே நடந்தால், “அங்கிள், கொஞ்சம் தள்ளிக்கோங்க, ஃபிரேம்ல வர்றீங்க” என்கிறார்கள். (எங்களுடையது அந்த லண்டன் கான்கிரீட் பாணியெல்லாம் இல்லை, சாதாரண அரசாங்கக் கட்டடம். மலை மழையில் எந்தச் சுவரும் கறுத்துவிடும், அது வேறு விஷயம்.)

முன்கூட்டி அனுமதி கேட்டால் முகபாவம் மாறிவிடும் என்று படமெடுப்பவர்கள் சொல்வது புரிகிறது. சரி, எடுத்த பிறகாவது கேட்கலாமே. கடைவீதி வேறு, குடியிருப்பு வேறு. கொடியில் காயும் துணிகூட ஒருவர் வீட்டுச் சங்கதி. நாலு முறை வந்து பழகினால் அவர்களே உட்காரவைத்து டீ கொடுப்பார்கள், அப்புறம் கேமராவை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

அடுத்த முறை படக்காரரை மாடி ஏறச் சொல்லுங்கள். படத்துக்குக் கீழே ஊர், கட்டடத்தின் பெயர், எடுத்த ஆண்டு மூன்றையும் போடுங்கள். இந்த முறை எது ஷெஃபீல்டு, எது லண்டன் என்றே தெரியவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிலிம் தொழிலாளி,
இந்து நகர், உதகமண்டலம்.