மேற்கு மதில், சதுப்புக் காணித் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்புள்ள அங்கத்தவர்களுக்கும் அடியார்களுக்கும் வணக்கம்.

ஆலயத்தின் மேற்கு மதிலையும், அதற்கு அப்பால் கொலன்னாவைச் சதுப்போடு சேரும் எமது காணியையும் சீர்செய்த திருப்பணி இறையருளால் நிறைவெய்தியுள்ளது. பரிசோதிக்கப்பட்ட கணக்கு அறிவித்தல் பலகையில் உண்டு, பற்றுச்சீட்டுகள் பொருளாளரிடம். “கிறவல் கொட்டி நிரப்பி ஒரு மண்டபம் கட்டியிருக்கலாமே, காசைச் சேற்றில் போட்டுவிட்டீர்களே” என்று கேட்டவர்கள் பலர். கணக்கைவிட அந்தக் கேள்விக்கே இங்கு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மதில் சாய்ந்ததும் மடப்பள்ளித் தளம் இறங்கியதும் வெள்ளத்தால்தான் என்று எல்லோரும் நம்பியிருந்தோம். அங்கத்தவரான பொறியியலாளர் ஒருவர் மதிலடியில் துளையிட்டு மண் எடுத்துக் காட்டினார். மேலே கட்டட இடிபாடு, அதன் கீழே முற்றா நிலக்கரி (peat), அதாவது அரைகுறையாக உக்கிய செடிகள் சேர்ந்த மண். கறுப்பாக, கூழ் முட்டை நாற்றத்தோடு வந்தது. உள்ளே கோரைத் தண்டும் வேர்த் துண்டும் இன்னும் உக்காமல் அடையாளம் தெரிந்தன. கையில் பிழிந்தால் மண்ணைவிடத் தண்ணீர்தான் அதிகம். அதில் ஒரு கட்டியை மதில்மேல் வெயிலில் வைத்தோம். சில நாளில் சுருங்கி, கனமிழந்து, வெடித்துக் கிடந்தது. மீண்டும் தண்ணீரில் போட்டும் பழைய அளவுக்கு வரவில்லை. சபையில் நடந்த நீண்ட வாக்குவாதங்களை முடித்துவைத்தது அந்தக் கட்டிதான்.

தண்ணீர் நிற்கும் இடத்தில் செத்த செடிகளுக்குக் காற்றுப் படாது. அதனால் அவை முழுதாக உக்குவதில்லை. அப்படி அடுக்கடுக்காகச் சேர்வதே இந்த மண். ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்தான் வளரும். கொழும்புக்கு வடக்கே உள்ள முத்துராஜவெலச் சதுப்பில் இது சேரத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. உலக நிலப்பரப்பில் 3 வீதமளவே இத்தகைய நிலம். ஆனால் உலகக் காடுகளின் மரஞ்செடிகள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிடக் கூடுதலான காபன் அதற்குள் இருக்கிறது. தண்ணீரை வடித்தால் காற்றுப் புகுந்து உக்கத் தொடங்கும், காபன் வெளியேறும், நிலம் இறங்கும். காணியைக் காயவைக்க எப்போதோ வெட்டப்பட்ட கான்தான் எமது மதிலைச் சாய்த்தது.

நிரப்பியிருந்தால்? மேலே பாரம் ஏற ஏற இந்த மண் நசுங்கிப் பக்கவாட்டில் பிதுங்கும். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டதை இந்தப் பகுதியில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அங்கும் அடியில் இருந்தது இதே மென்மண். அத்துடன், தாழ்நிலத்தை அனுமதியின்றி நிரப்புவது சட்டப்படி குற்றம். சதுப்பு வெள்ளத்தை உறிஞ்சிவிடும் என்பதும் அரைகுறைக் கதை. ஏற்கனவே ஊறிய மண் எவ்வளவைக் குடிக்கும்? சேற்றுக்கு மேலே உள்ள வெற்றிடம்தான் மழைநீரைத் தாங்குகிறது. நாம் கொட்டும் ஒவ்வொரு லொறி கிறவலும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரை அயல்வீட்டுக்கு அனுப்பும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது வெல்லம்பிட்டியில் கூரைமேல் ஏறி நின்றவர்களுக்கு இது தெரியும்.

செய்த வேலை இவ்வளவுதான். இடிபாட்டை அகற்றினோம். கானின் வாயில் பலகை மடை போட்டோம். வழக்கமான நீர்மட்டம் உள்ளே நிற்கும், மழை கூடினால் பலகைக்கு மேலால் வழிந்து கால்வாய்க்குப் போகும். மதிலைக் களிமண் வரை இறக்கிய பைல்களில் (நிலத்தடித் தூண்களில்) மீண்டும் எழுப்பினோம். செலவில் பாதிக்கு மேல் விழுங்கியது அதுவே. அன்னமுன்னா இனத்து வெல் ஆத்தா மரங்கள் அமெரிக்கப் பக்கமிருந்து வந்து கொழும்புச் சதுப்புகளைப் பிடித்துக்கொண்டவை. வேரோடு பிடுங்கினால் மண் கலங்கும் என்பதால் அடியோடு வெட்டினோம். துளிர்க்கும், துளிர்க்கத் துளிர்க்க வெட்டத்தான் வேண்டும்.

நுளம்பு பெருகும் என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. டெங்கு நுளம்பு சிரட்டையிலும் டயரிலும் பூச்சாடியிலும் தேங்கும் நீரில் முட்டையிடுவது. மீன் உலாவும் சதுப்பை அது தேடி வராது. பிரசாதம் வாங்கிய பிளாஸ்ரிக் கோப்பைகளை மதிலுக்கு மேலால் எறிபவர்கள்தான் அதை வளர்க்கிறார்கள்!

2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. எமது துண்டுக் காணி அதில் ஒரு பொட்டு. ஆனாலும் கோரையும் சம்பும் மறுபடி நெருங்கி வளர்கின்றன. மடைப் பக்கத்துச் சேற்றில் மீன்பிடிப் பூனையின் காலடி பதிந்திருந்ததைக் காவலாளி காட்டினார். அது நாய் என்று உபதலைவர் இன்னும் வாதிடுகிறார்.

மதிலின் உட்புறப் பூச்சு மட்டும் மிச்சம். மீதிப் பணத்தை அதற்கும், வருடாந்தம் வெல் ஆத்தா வெட்டும் கூலிக்கும் ஒதுக்கப் பொதுச்சபையின் அனுமதியைக் கோருகிறோம். மடைப் பலகையைத் திருப்பணிச் சபையைக் கேட்காமல் யாரும் கழற்ற வேண்டாம்.

இங்ஙனம்,
திருப்பணிச் சபையினர்