பழைய மணி நான்கு

ஊத்தான் மெலிந்தாங்,
பேராக், மலேசியா.
27 டிசம்பர் 2025

கர்த்தருக்குள் பிரியமான அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பண்டிகை அன்று போனில் பேசினோமே, அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது. உங்களுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, பக்கத்தில் அப்பா டிவியை அலறவிட்டிருந்தார், நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. "அங்கெல்லாம் கேக்கும் சாண்டாவும் மட்டும்தானா, ஜெபமும் உண்டா?" என்று கேட்டீர்கள். "உண்டு, உண்டு" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். அதற்கு ஒழுங்கான பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்கு ஒரு வேலையும் வைத்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் ஊரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். தெலுக் இந்தானிலிருந்து பகான் டத்தோ போகிற சாலையில் இருக்கிறது, சுற்றிலும் செம்பனைத் தோட்டம். நம் தேரிக்காட்டுப் பனையை நினைத்துக்கொண்டு இதைப் பார்க்காதீர்கள். இந்தப் பனையில் பதநீரும் கிடையாது, நுங்கும் கிடையாது. குலையை வெட்டி லாரியில் ஏற்றி எண்ணெய் ஆலைக்கு அனுப்புவதோடு சரி. மாமா தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அப்போது பாதி ரப்பர். இப்போது லயமும் இல்லை, ரப்பரும் இல்லை. நாங்கள் இருப்பது டவுனுக்குள் தாமான் என்கிற குடியிருப்பில் வரிசை வீடு. தோட்டத்தில் இன்று வேலை செய்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியர்களும்தான்.

லயத்தில் இருந்தவரை மாமாவின் தாத்தா தினமும் விடியற்காலை நான்கு மணிக்குக் குடும்ப ஜெபம் வைப்பாராம். அதற்குப் பிறகு பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, ஓடவேண்டும், பெயர் கொடுத்தால்தான் அன்றைய வேலை, அன்றைய கூலி. பண்டிகை நாளிலும் அவர் அந்த நேரத்தை மாற்றவில்லை. வீட்டில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவர்களில் யார் மிகச் சிறியவரோ அவர் லூக்கா இரண்டாம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து இருபதாம் வசனம்வரை வாசிக்கவேண்டும். ஒரே ஒரு மெழுகுவத்தி. அது முடியும்வரை நட்சத்திரத்தில் விளக்கு போடக்கூடாது, புதுத்துணி தொடக்கூடாது, அத்தை காப்பிக்கு அடுப்புகூடப் பற்றவைக்க மாட்டார்கள்.

இன்று பெரட்டுக்குப் போக இந்த வீட்டில் ஆளில்லை. உங்கள் மருமகன் பாங்கில் வேலை பார்க்கிறார். கோயிலில் ஆராதனை காலை எட்டரைக்குத்தான். இருந்தும் நான்கு மணி நான்கு மணிதான். அதிலும் ஒரு வேடிக்கை. 1982 ஜனவரி முதல் தேதி, நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வேண்டுமென்று இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். மாமா அதை வருடத்தில் 364 நாள் ஏற்றுக்கொள்கிறார். கிறிஸ்துமஸ் அன்று மட்டும் பழைய மணி நான்கு, அதாவது இப்போதைய நாலரை. அந்த அரைமணித் தூக்கத்துக்காக நான் அவரோடு ஒருநாளும் வாதாடியதில்லை. நீங்கள் மெஞ்ஞானபுரத்தில் நான்கு மணி ஆராதனைக்கு உட்கார்ந்தபோது இங்கே ஆறரை. நாங்கள் வாசித்து முடித்து, இரண்டாவது காப்பியும் குடித்துவிட்டோம்.

வாசிக்கிற பைபிளைப் பற்றிச் சொல்லவேண்டும். மாமாவின் தாத்தா பொறையாரிலிருந்து குடும்பத்தோடு 1928-இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். பினாங்கில் இறங்கிய பிறகு முதல் சம்பளத்தில் வாங்கிய புத்தகம் என்பார்கள். நம் வீட்டில் வாசிக்கும் அதே பழைய மொழிபெயர்ப்பு. கையில் எடுத்தால் முதலில் தெரிவது அதன் முதுகு. அட்டை கிழிந்தபோது பால் வெட்டிக் கொண்டுவந்து ரப்பர் பாலாலேயே ஒட்டியிருக்கிறார். அது கறுத்து, மாட்டுத்தோல்போல் இறுகிக் கிடக்கிறது. நகத்தால் அழுத்தினால் இன்னும் லேசாக அமுங்கிக்கொடுக்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் புளித்த வாடை. பாப்பா அதற்காகவே எடுத்து எடுத்து மோந்து பார்ப்பாள்.

பொறையார் என்றால் தரங்கம்பாடிக்குப் பக்கம்தானே. டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்கு 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கி, 1714-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டாரே, அந்த ஊர். இங்கே எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற ஜெண்டராத்தா தோட்டத்தை 1906-இல் தொடங்கியவரும் ஒரு டேனிஷ்காரர்தான். கணக்குப் பார்த்தால் சரியாக இருநூறு வருடம். இதை மாமாவிடம் சொன்னபோது, "அவர்கள் நம்மை விடுவதாக இல்லை" என்று சிரித்தார்.

போன வருடம்வரை வாசித்தது நாத்தனார் மகன். கோலாலம்பூரில் மலாய்ப் பள்ளியில் படிக்கிறான். தமிழ் எழுத்து தெரியாது. நாத்தனார் இருபது வசனத்தையும் ரூமி எழுத்தில், அதாவது மலாய்க்குப் பயன்படுத்தும் ஆங்கில எழுத்தில், எழுதிக் கொடுப்பார், அவன் அந்தத் தாளைப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு வாசிப்பான். மாமா ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் தாளை வைத்திருக்கும் பக்கத்தைத் தன் விரலால் தொட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார், எழுத்துக்கும் குரலுக்கும் நடுவில் பாலம் போடுகிறவர்போல. எனக்கு அதைப் பார்க்க என்னவோ போலிருக்கும். அதற்காகவே பாப்பாவைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தேன் என்று சொன்னால் அது பொய், பள்ளி வீட்டுக்குப் பக்கம் என்பதும் ஒரு காரணம்.

இந்த வருடம் அவள் முறை. நவம்பரிலிருந்தே பழக்கினேன். முதல் வசனத்திலேயே தகராறு. "உலகமெங்கும் குடிமதிப்பு எழுதப்படவேண்டுமென்று அகுஸ்துராயனால் கட்டளை பிறந்தது." அகுஸ்துராயனை 'ஆகஸ்டு ராயன்' என்று பிடித்துக்கொண்டாள், ஏதோ ஆகஸ்டு மாதத்து ராஜா என்று நினைப்பு. குடிமதிப்பு என்றால் என்ன என்று கேட்டாள். விசா புதுப்பிக்கப் போய் டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அந்த மாதிரி யோசேப்பும் மரியாளும் பெயர் எழுதப் போனார்கள் என்றேன். "மரியாளும் இந்தியாவிலிருந்து வந்தாளா?" என்றாள். இதற்கு என்ன பதில் சொல்வது? இத்தனை வயதுவரை அந்த வசனத்தை நான் கதைக்கு முன்னுரை என்று தாண்டிப் போயிருக்கிறேன். கல்யாணமாகி ஒன்பது வருடமாக இந்த நாட்டில் பாஸ்போர்ட்டும் கையுமாக அலைந்த பிறகு, நிறைமாத வயிற்றோடு பெயர் கொடுக்கப் போனவளின் இடுப்பு வலிதான் எனக்கு முதலில் தெரிகிறது.

அன்று காலை மழை நசநசத்துக்கொண்டிருந்தது. நம் ஊர் மார்கழிக் குளிர் இங்கே கிடையாது, வேர்வைதான். பாப்பா பாவாடை நுனியை முறுக்கிக்கொண்டு வாசித்தாள். அகுஸ்துராயன் தப்பித்தார், சிரேனியுவில் ஒரு முறை விழுந்து எழுந்தாள். "சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால்" என்பதை மூச்சு விடாமல் ஒரே இழுப்பில் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். முன்னணை வந்ததும் நிறுத்தி, "தாத்தா, இதுதானே மாடு தின்கிற தொட்டி?" என்றாள். நடுவில் பேசக்கூடாது என்பது விதி. மாமா தலையை மட்டும் ஆட்டினார். நாத்தனார் மகன் உம்மென்று உட்கார்ந்திருந்தான், பதவி போன வருத்தம். அவனுக்கு மெழுகுவத்தி பிடிக்கும் வேலை கொடுத்தோம். ஒரு சொட்டு மெழுகு பக்கத்தின் ஓரத்தில் விழுந்துவிட்டது. ஏற்கெனவே அங்கே நாலைந்து பழைய சொட்டுகள் இருக்கின்றன.

வாசிப்புக்குப் பிறகு நடப்பதை உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. மாமா பைபிளை வாங்கி முன்அட்டையைத் திறப்பார். உள்பக்கத்தில் அவருடைய தாத்தா கையெழுத்தில் தொடங்கிக் குடும்பத்தார் பெயர்கள் இருக்கின்றன. பிறந்த தேதி, ஞானஸ்நானம், கல்யாணம், மரணம். ஒவ்வொரு பெயரையும் சத்தமாக வாசிப்பார். கறுப்பு மை, ஊதா மை, பிறகு பால்பாயிண்ட். என் பெயரும் இருக்கிறது, அதற்குக் கீழே பாப்பா. இரண்டாவது வரியில் மாமாவின் பெரியப்பா பெயர். 1923-இல் பிறந்தவர், அப்பா அம்மாவோடு கப்பலில் வந்தபோது ஐந்து வயது. ஜப்பான்காரன் காலத்தில், 1943-இல், சயாம் ரயில் பாதை போடத் தோட்டத்திலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. கூடப் போன ஒருவரும் திரும்பவில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. அவர் பெயருக்கு எதிரே கடைசிக் கட்டம் காலியாகவே இருக்கிறது. அவர் அப்பாவும் நிரப்பவில்லை, அவர் தம்பியும் நிரப்பவில்லை. மாமா அந்த இடத்தில் குரலை மாற்றுவதில்லை. பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி; கொஞ்ச நேரம் நிறுத்துவார்; அடுத்த பெயர்.

அதன் பிறகு ஜெபம், பிறகு நட்சத்திர விளக்கு, காப்பி, புதுத்துணி. மற்றதெல்லாம் நீங்கள் போட்டோவில் பார்த்ததுதான். மத்தியானம் திறந்த இல்ல உபசரிப்பு. பக்கத்து வீட்டு மலாய் ஆசிரியர் குடும்பத்தோடு வந்தார், அவர்களுக்காகக் கோழி ஹலால் கடையில் வாங்கி, தனிப் பாத்திரத்தில் சமைத்து, தட்டும் புதிதாக எடுத்து வைத்தேன். முந்திரிக்கொத்துக்குக் கருப்பட்டி கிடைக்காமல் கூலா மலாக்கா போட்டேன். தென்னையில் எடுப்பது, நிறம் அதேதான், அந்தப் புகைவாசம் மட்டும் இல்லை. அத்தைக்கு வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

இப்போது உங்கள் வேலை. பெயர் வாசித்து முடிந்ததும் மாமா அட்டைக்கு எதிர்ப்பக்கத்தைக் காட்டினார், வெறும் தாள். "உன் பக்கத்து ஆட்கள் இதில் ஒருவரும் இல்லையே அம்மா, பிள்ளை அவர்களுக்கும் சொந்தம்தானே. எழுது" என்று பேனாவை நீட்டினார். பேனாவை வாங்கிக்கொண்டு முழித்தேன். உங்கள் பெயரும் அப்பா பெயரும் எழுதினேன். தாத்தா இறந்த வருடம் தெரிகிறது, பிறந்த வருடம் தெரியவில்லை. ஆச்சியை ஆச்சி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம், அவர்களுடைய ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிட்ட பெயர் வேறு என்பீர்களே, இரண்டும் எனக்கு நினைவில்லை. உங்களுக்கு முன்னால் பிறந்து எட்டாம் நாள் இறந்துபோன பெரியம்மா ஒருவர் உண்டு என்று ஒருமுறை சொன்னீர்கள். அந்தக் குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தார்களா?

போனில் சொல்லவேண்டாம், எனக்குத் தப்பும் தவறுமாகக் கேட்கும். அப்பாவைக் கோயில் பதிவேட்டைப் பார்த்துவரச் சொல்லி, உங்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். மூன்றாம் வீட்டு அண்ணி ஜனவரி பத்தாம் தேதி ஊருக்கு வருகிறார், திரும்பும்போது அவரிடம் கொடுத்துவிட்டால் போதும். இடம் இருந்தால் கருப்பட்டி ஒரு கிலோ.

உங்கள் அன்பு மகள்