தண்ணீரில் ஓடும் காரும் படுவான்கரை விதைப்பு இயந்திரமும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மறைக்கப்பட்ட கண்டுபிடிப்பாளர்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை எங்கள் ஊர் வாசிகசாலையில் சிலர் சேர்ந்து வாசித்தோம். தண்ணீரில் கார் ஓட்டிய அமெரிக்கர் ஸ்டான்லி மெயரை எண்ணெய்க் கம்பனிகள் நஞ்சு வைத்துக் கொன்றதாக அதில் இருக்கிறது. கூட இருந்த பொடியன்மார் அதை அப்படியே நம்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2022இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் எடுப்பதற்காக ஷெட் வாசலில் இரவிரவாகக் கிடந்த பிள்ளைகள் அவர்கள். தண்ணீரில் வண்டி ஓடும், அதை எங்கோ ஒருவன் பூட்டி வைத்திருக்கிறான் என்று யாராவது சொன்னால் அவர்களுக்குக் கோபம் வருவது நியாயந்தான்.

ஆனால் கட்டுரையாளர் மீதிக் கதையையும் எழுதியிருக்க வேண்டும். மெயரிடம் பணம் போட்ட இருவர் அவர்மீது வழக்குத் தொடுத்தார்கள். நிபுணர்கள் அவருடைய கலத்தைப் பரிசோதித்து, அது மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்துப் பாடசாலை ஆய்வுகூடத்தில் செய்து காட்டும் மின்பகுப்புத்தான் என்றார்கள். 1996இல் ஒகையோ நீதிமன்றம் அதை மோசடி என்று தீர்ப்பளித்து, 25,000 டொலரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. 1998 மார்ச்சில் ஓர் உணவகத்தில் அவர் திடீரென இறந்தார். மூளை இரத்தக்குழாய் வீங்கி வெடித்ததே காரணம் என்பது மரண விசாரணையின் முடிவு.

பௌதிகவியல் படிப்பித்தவன் என்ற முறையில் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு லீற்றர் தண்ணீரை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிக்க ஏறத்தாழ 4.4 யூனிட் சக்தி வேண்டும். அந்த ஐதரசனை எரித்தால் கிடைப்பதும் அதே 4.4 யூனிட்தான், அதற்கு மேல் ஒரு துளியும் இல்லை. அதிலும் கார் எஞ்சின் முக்கால்வாசியை வெப்பமாக வெளியே விட்டுவிடும். தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஐதரசன். இதை எந்தக் கம்பனியும் சட்டம் போட்டு ஆக்கவில்லை.

அப்புறம் இன்னொன்று. மெயருக்கு அமெரிக்க அரசு ஆக்கவுரிமை (பேட்டன்ட்) பத்திரங்களை வழங்கியது. அவற்றில் அவர் முறை எழுதப்பட்டிருக்கிறது, யாரும் எடுத்து வாசிக்கலாம். அந்த உரிமைகளின் காலமும் முடிந்துவிட்டது, இன்று எவரும் காசு கொடுக்காமல் செய்து பார்க்கலாம். டொலர் இல்லாமல் எண்ணெய்க் கப்பலுக்குக் காத்துக் கிடந்த நம் நாட்டுக்கு அதை மறைப்பதில் என்ன லாபம்?

இப்படிச் சொல்வதால், கண்டுபிடிப்பாளர்களை யாரும் அமுக்குவதே இல்லை என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அமுக்குகிறார்கள். எட்வின் ஆம்ஸ்ட்ரோங்கின் கதை கட்டுரையில் இல்லாததுதான் எனக்கு மிகவும் வருத்தம். இரைச்சல் இல்லாத எப்.எம். ஒலிபரப்பைக் கண்டுபிடித்தவர் அவர். அமெரிக்காவின் பெரிய வானொலிக் கம்பனியான ஆர்.சி.ஏ. அவருடைய பரிசோதனைக்கு எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் இடம் கொடுத்தது. அது நன்றாக வேலை செய்ததைக் கண்டபின், 1935இல் சாமான்களைக் கழற்றிக்கொண்டு போகச் சொன்னது. அவர் சோர்ந்துவிடாமல் சொந்தக் காசில் நிலையம் கட்டினார். 1945இல் அரசு ஆணைக்குழு எப்.எம்.முக்கான அலைவரிசையையே வேறிடத்துக்கு மாற்றியது. சனங்கள் வாங்கி வைத்திருந்த எப்.எம். வானொலிப் பெட்டிகள் எல்லாம் ஒரே ஆணையில் பயனற்றுப்போயின. பிறகு ஆக்கவுரிமை வழக்குகள் வருடக் கணக்கில் இழுபட்டன. பணமும் குடும்ப நிம்மதியும் போய், 1954 ஜனவரி கடைசியில் அந்த மனிதர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மனைவி மரியன் வழக்குகளைக் கைவிடவில்லை, கடைசி வழக்கு 1967இல் அவர் பக்கம் தீர்ந்தது.

மழைக்கு விட்டு விட்டுத் துடைக்கும் கார் வைப்பரைச் செய்த ரொபர்ட் கேர்ன்ஸும் அப்படித்தான். போர்ட் கம்பனியிடமிருந்து 10.2 மில்லியன் டொலர் பெறுவதற்கு 1990 வரை அவர் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருந்தது. மின்குமிழ்க் கம்பனிகள் 1920களில் கூட்டுச் சேர்ந்து குமிழின் ஆயுளை 1,000 மணித்தியாலமாகக் குறைத்ததும் வெறும் வதந்தி அல்ல. அமெரிக்காவில் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 5,000க்கும் மேற்பட்ட ஆக்கவுரிமை விண்ணப்பங்கள் இன்றும் இரகசியமாக வைக்கப்பட்டுள்ளன. இவை அனைத்துக்கும் பத்திரமோ தீர்ப்போ இருக்கிறது.

இந்தக் கதைகளில் நான் காண்பது ஒன்றுதான். எப்.எம். அழியவில்லை, இன்று ஒவ்வொரு முச்சக்கர வண்டியிலும் பாடுகிறது. வைப்பர் எல்லா பஸ்ஸிலும் ஆடுகிறது. வேலை செய்கிற பொருளைப் பெரும்பாலும் புதைப்பதில்லை, அதைப் பறித்து விற்கிறார்கள். புதைந்து போவது அதைச் செய்த ஆள்.

நம் பக்கத்து அனுபவத்தையும் பாருங்கள். 3 லீற்றர் தண்ணீரில் 300 கிலோமீற்றர் ஓடியதாக 2008இல் இலங்கையர் ஒருவர் சொன்னபோது பிரதமரே காரைப் பார்த்து ஆதரவு தந்தார். சில மாதத்தில் முதலீட்டு மோசடிச் சந்தேகத்தில் அந்த ஆள் கைதானார். தமிழ்நாட்டில் மூலிகைப் பெற்றோல் ராமர் பிள்ளையை 1996இல் பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்தன, 2016இல் சென்னை நீதிமன்றம் மூன்று வருடச் சிறை விதித்தது. கொரோனாவைத் தடுக்கும் என்று கேகாலையில் ஒருவர் செய்த பாணி மருந்தைச் சுகாதார அமைச்சரே எல்லோரும் பார்க்கக் குடித்தார், அடுத்த மாதமே அவருக்குத் தொற்று வந்தது. இவர்களை யார் அமுக்கினார்கள்? கதவெல்லாம் அகலத் திறந்துதான் இருந்தது.

திறக்காத கதவு யாருக்கு என்று சொல்கிறேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். லாண்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு இயந்திரத்துக்குப் பின்னால் பூட்டி, காய்ந்த மண்ணில் செய்யும் புழுதி விதைப்பில் நெல்லை வரிசையாகப் போடும் ஓர் அமைப்பைப் பழைய இரும்பிலிருந்து செய்தார். வீசி விதைப்பதைவிட விதைநெல் மிச்சம், களை எடுக்கவும் லேசு என்று பாவித்த விவசாயிகள் சொல்கிறார்கள். கொழும்பில் ஓர் அலுவலகம் பரிசோதனை அறிக்கை கேட்டது. பரிசோதிக்க வேண்டிய இடம் அந்த அலுவலகத்தின் கடிதத்தைக் கேட்டது. படிவம் தமிழில் இல்லை. இரவு பஸ்ஸில் போய்த் திரும்பி மனிதர் களைத்துப்போனார். இதற்கிடையில் யாரோ படம் எடுத்துக்கொண்டு போய், அடுத்த போகத்தில் அதே மாதிரி ஒன்று வெளியூர்க் கடையில் விற்பனைக்கு நின்றது. இன்று அவர் ஸ்டான்லி மெயர் வீடியோக்களை விடாமல் பார்க்கிறார். "எங்களையும் இப்படித்தான் அமுக்கினவங்கள் சேர்" என்கிறார். மெயர் விசயத்தில் அவர் சொல்வது பிழை, தன் விசயத்தில் சொல்வது முற்றிலும் சரி.

அந்த லாண்ட்மாஸ்டரையே வடிவமைத்தவர் நம் நாட்டு ரே விஜேவர்தன. கேம்பிரிஜில் படித்தவர், இங்கிலாந்தில் அதைத் தயாரிக்கத் தொழிற்சாலை கிடைத்தது. படுவான்கரைக்காரருக்கு அது எதுவும் இல்லை. அவருக்கு வேண்டியது அளந்து பார்த்து எழுதிக் கொடுக்க ஓர் இடம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் பீடம் இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாய பீடம் இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் கதவைத் திறந்து, ஏக்கருக்கு எத்தனை கிலோ விதை, எத்தனை லீற்றர் டீசல் என்று அளந்து கையொப்பம் வைத்துக் கொடுக்க முடியாதா? 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கச் சட்டப்படி ஆக்கவுரிமை 20 வருடத்துக்கு, அதுவும் முதலில் விண்ணப்பிப்பவருக்கு. அந்த விண்ணப்பத்தை நிரப்ப மாவட்டச் செயலகத்தில் தமிழில் உதவ ஒருவரை இருத்த முடியாதா? மட்டக்களப்பு, அம்பாறைப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் இந்த இரண்டு கேள்வியையும் தங்கள் பத்திரிகை கேட்க வேண்டும்.

தங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அதிசயக் கண்டுபிடிப்பு என்று செய்தி போடும்போது, யார் அளந்தார்கள் என்பதையும் போடுங்கள். ஒரு வருடம் கழித்து அது என்னவாயிற்று என்றும் எழுதுங்கள். பெரும்போக விதைப்புத் தொடங்குமுன் தங்கள் நிருபரை அனுப்பினால் படுவான்கரைக்கு நானே கூட்டிப்போகிறேன். தராசும் அளவு நாடாவும் கொண்டு வருகிறேன், வயல் தர விவசாயிகள் சம்மதித்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
களுவாஞ்சிக்குடி.