அப்பாவின் நோட்டில் இரண்டு பத்திகள்: மூளை அறிவியலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மூளை அறிவியலாளர்களே,

வணக்கம். நான் உங்கள் துறையைச் சேர்ந்தவள் இல்லை. பார்க்கின்சன் நோய் வந்த ஒருவரின் மகள். மனிதனுக்குச் சுய விருப்பம் என்று ஒன்று கிடையாது, அது மூளை நமக்குக் காட்டும் மாயை என்று உங்களில் பலர் எழுதுகிறீர்கள், மேடையில் பேசுகிறீர்கள். முன்பெல்லாம் அதைச் சுவாரசியமான செய்தியாகப் படித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். இப்போது அப்படிப் போக முடியவில்லை. ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா நாற்பது வருடம் கணக்கு எழுதியவர். யாருக்காவது சில்லறை பாக்கி இருந்தால்கூட இரவு தூக்கம் வராது. ஓய்வு பெற்ற பிறகு அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. நடையில் வந்த தடுமாற்றத்தைவிட, பேனா பிடிக்க முடியாமல் போனதுதான் அவரை அதிகம் உலுக்கியது. மருத்துவர் டோபமைன் அகோனிஸ்ட் வகையைச் சேர்ந்த ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அசைவுகளை நடத்த மூளைக்கு டோபமைன் என்ற வேதிப்பொருள் வேண்டும். இந்த நோயில் அது குறைந்துபோன இடத்தில் அதன் வேலையைத் தானே செய்கிற மருந்து அது. நன்றாகவே கேட்டது. நடுக்கம் அடங்கியது. அப்பா மறுபடியும் கையெழுத்துப் போட்டார். வீட்டில் எல்லோரும் அந்தக் காகிதத்தை வாங்கி வாங்கிப் பார்த்தோம்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அப்பாவின் போர்வைக்குள்ளிருந்து வெளிச்சம் கசிந்தது. போர்வையை விலக்கினேன். கைபேசித் திரையில் பணம் கட்டி ஆடும் சீட்டாட்டம். ஆனால் முதலில் என் கண்ணில் பட்டது அவருடைய கட்டைவிரல். துளிகூட நடுங்காமல் திரையில் வழுக்கிக்கொண்டு போனது. அந்த விரல் அப்படி அசைய வேண்டும் என்றுதானே நாங்கள் அத்தனை நாள் ஏங்கினோம்?

வாழ்நாளில் ஒரு லாட்டரிச் சீட்டுகூட வாங்காதவர். சேமிப்பில் பாதி போயிருந்தது. அம்மா கேட்டபோதெல்லாம், வைப்புத்தொகையைப் புதுப்பித்துவிட்டேன் என்று சொல்லி வந்திருக்கிறார்.

விஷயம் வெளியே தெரிந்ததும் உறவினர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். "எல்லாம் தலையெழுத்து, யார் தடுக்க முடியும்" என்றது ஒரு கட்சி. "வயசான காலத்தில் புத்தி இப்படியா போகும், மனுஷனுக்குக் கட்டுப்பாடு வேண்டாமா" என்றது இன்னொன்று. இரண்டு பேச்சும் அப்பாவின் காதில் விழும்படிதான் நடந்தது. அந்த நாட்களில்தான் உங்கள் கட்டுரைகளில் ஒன்றைத் திரும்ப எடுத்துப் படித்தேன். ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்தேன். எனக்கு அதில் முதல் கட்சியின் குரல்தான் கேட்டது.

அடுத்த பரிசோதனையின்போது ஓர் இளம் டாக்டர் இருந்தார். கை கால்களைப் பார்த்து முடித்த பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஐயா, சமீபமாகப் பணம் வைத்து ஏதாவது விளையாடுகிறீர்களா?" அம்மா உடைந்து அழுதுவிட்டார். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். சட்டென்று நிறுத்தினால் வேறு தொல்லைகள் வரும் என்றார்கள். சில வாரங்களில் அந்த வெறி அடங்கியது. "யாரோ உள்ளே ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்த மாதிரி இருக்கிறது" என்றார் அப்பா. நடுக்கம் கொஞ்சம் திரும்பி வந்தது.

இது அப்பாவுக்கு மட்டும் நேர்ந்தது இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். 2010-இல் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளை வைத்து வெளியான ஆய்வில், இந்த வகை மருந்து எடுப்பவர்களில் 17.1 சதவீதம் பேருக்கு இப்படிப்பட்ட கட்டுக்கடங்காத உந்துதல் இருந்தது. எடுக்காதவர்களில் அது 6.9 சதவீதம். சிலருக்குச் சூதாட்டம், சிலருக்குக் கண்டதை வாங்கிக் குவிப்பது, சிலருக்கு அடங்காத தீனி, சிலருக்குப் பாலுறவு நாட்டம். அசைவுக்கு வேண்டிய டோபமைன்தான் ஆசைக்கும் வேண்டியிருக்கிறது. ஒன்றைச் சரிசெய்யப் போனால் சிலருக்கு மற்றது கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடிவிடுகிறது.

ஆக, உங்கள் பக்கத்து வாதத்தில் பெரும் பகுதியை நான் ஏற்றுக்கொண்டவள். ஒரு சின்ன மாத்திரை ஒரு மனிதரின் ஆசையையே மாற்றி எழுதுவதைக் கண்ணால் பார்த்தவளிடம் போய், மனம் மூளையைச் சாராத தனி ராஜ்யம் என்று யார் சொன்னாலும் எடுபடாது.

ஆனால் ஒரு கேள்வி எனக்குள் குடைந்துகொண்டே இருக்கிறது. மாத்திரையைக் குறைத்த அந்தச் சில வாரங்களில் அப்பாவுக்குத் திரும்பி வந்தது என்ன?

ஏதோ ஒன்று திரும்பி வந்தது. அம்மாவுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரிந்தது, எல்லோரையும்விட அவருக்குத் தெரிந்தது. எல்லா மனிதர்களும் எல்லா நேரமும் ஒரே அளவுக்குச் சுதந்திரமற்றவர்கள் என்றால், போர்வைக்குள் விளையாடிய அப்பாவும் இன்று பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் அப்பாவும் ஒன்றுதான் என்று ஆகிவிடும். இருவரையும் ஒன்றாகப் பார்க்கும் எந்தக் கோட்பாடும் ஒரு நோயாளியின் வீட்டுக்குள் செல்லுபடி ஆகாது. நீங்கள் 'மாயை' என்று ஒரே சொல்லால் துடைத்துவிடும் இடத்தில்தான் எங்கள் வீட்டின் மொத்தப் போராட்டமும் நடந்தது.

நீங்கள் வழக்கமாகக் காட்டும் சோதனைக்கு வருகிறேன். 1983-இல் பெஞ்சமின் லிபெட் என்ற மூளை அறிவியலாளரின் குழு அதை வெளியிட்டது. வேகமாகச் சுற்றும் புள்ளியைப் பார்த்துக்கொண்டே, தங்களுக்கு அசைக்கத் தோன்றும்போது மணிக்கட்டை அசைக்கும்படி பங்கேற்றவர்களிடம் சொன்னார்கள். அசைக்கத் தோன்றிய கணத்தில் புள்ளி எங்கே இருந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அசைவுக்கு ஏறக்குறைய 550 மில்லிவினாடி, அதாவது அரை வினாடிக்குச் சற்று அதிகமான நேரம் முன்பே மூளையின் மின் அலை மெல்ல ஏறத் தொடங்கியது. தோன்றிய கணமோ சுமார் 200 மில்லிவினாடி முன்புதான். அதாவது, நீங்கள் முடிவெடுக்கும் முன்பே மூளை முடிவெடுத்துவிட்டது. இப்படித்தான் அந்தச் சோதனையை உலகம் தெரிந்துவைத்திருக்கிறது. கடைசி நேரத்தில் வேண்டாம் என்று நிறுத்த மனத்துக்கு இடம் உண்டு என்று லிபெட்டே வாதிட்டதை உங்கள் உரைகளில் நான் அரிதாகத்தான் கேட்கிறேன்.

2008-இல் வந்த ஸ்கேன் ஆய்வும் அப்படித்தான். இடதா வலதா, எந்தப் பொத்தானை அழுத்துவார் என்பதை ஏழு முதல் பத்து வினாடி முன்பே மூளையில் படிக்கலாம் என்று அது பரபரப்பானது. துல்லியம் கிட்டத்தட்ட 60 சதவீதம். காசைச் சுண்டினாலே 50 வரும். ஒரு சாய்வு இருக்கிறது என்று இதற்குப் பொருள் சொல்லலாம். முடிவு ஆகிவிட்டது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

2012-இல் ஆரோன் ஷர்கர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் லிபெட் சோதனைக்கு இன்னொரு விளக்கம் தந்தார்கள். அந்த மின் ஏற்றம் முடிவே இல்லாமல் இருக்கலாம், மூளையில் எப்போதும் தானாக ஏறி இறங்கும் அலைகள் ஒரு வரம்பைத் தொடும்போது அசைவு நடக்கிறது, பல அசைவுகளின் பதிவுகளை அந்தக் கணத்திலிருந்து பின்னோக்கிச் சராசரி எடுப்பதால் தெரியும் வடிவமாக அது இருக்கலாம் என்றார்கள். 2019-இல் வந்த ஆய்வு என்னை இன்னும் நிமிர்ந்து உட்கார வைத்தது. எந்தத் தொண்டு நிறுவனத்துக்குப் பணம் போகவேண்டும் என்று சிலரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு நிறுவனத்துக்கும் சமமாகவே பணம் போகும் என்ற நிலையில் அந்த மின் ஏற்றம் தெரிந்தது. தேர்ந்தெடுத்த நிறுவனத்துக்குத்தான் பணம் போகும், யோசித்துத்தான் ஆகவேண்டும் என்ற நிலையில் அது இல்லை, இருந்தாலும் மிகவும் மங்கலாக இருந்தது. மணிக்கட்டை எப்போது அசைப்பது என்பதும் மனைவியிடம் உண்மையைச் சொல்வதா என்பதும் ஒரே வகை முடிவு இல்லை. இதைச் சொல்ல ஆய்வுக்கூடம் தேவையா என்று அம்மா கேட்பார். தேவைதான் அம்மா, இல்லாவிட்டால் இவர்கள் நம்பமாட்டார்கள்.

எதிர்ப்பக்கத்தின் எல்லாக் கருவியையும் நான் கையில் எடுக்கவில்லை. சுய விருப்பம் இல்லை என்று படிக்க வைத்தால் மக்கள் அதிகம் ஏமாற்றுகிறார்கள் என்று 2008-இல் ஓர் ஆய்வு வந்தது. பிறகு செய்த மறுசோதனைகளில் அது உறுதியாக நிற்கவில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன். அணுவுக்குள்ளேயே நிச்சயமின்மை இருக்கிறது, ஆகவே சுதந்திரம் உண்டு என்ற வாதமும் எனக்கு வேண்டாம். பகடை உருண்டு விழுந்த முடிவு என் முடிவு ஆகிவிடாது.

விதி என்ற பேச்சு உங்களோடு தொடங்கியதும் இல்லை. புத்தர் காலத்திலேயே ஆசீவக மரபின் ஆசான் மக்கலி கோசாலர் சொன்னார்: வீசிய நூல்கண்டு நூல் தீரும்வரை பிரிந்துகொண்டு ஓடுவதுபோல உயிர்கள் ஓடித் தீர்க்கும், முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை. கிரேக்கத்திலும் ஒரு வாதம் இருந்தது. குணமாக வேண்டும் என்று விதி இருந்தால் வைத்தியரைக் கூப்பிட்டாலும் குணமாகும், கூப்பிடாவிட்டாலும் குணமாகும், பின் எதற்குக் கூப்பிட வேண்டும்? இதற்கு கிறிசிப்பஸ் என்ற கிரேக்கத் தத்துவஞானி சொன்ன பதில் எனக்குப் பிடிக்கும். அவர் விதியை முழுசாக நம்பியவர். ஆனாலும், குணமாவது விதி என்றால் வைத்தியரைக் கூப்பிடுவதும் அந்த விதியில் சேர்த்தியே என்றார். நம் வள்ளுவரும் ஊழைவிட வலியது எது என்று ஓர் அதிகாரத்தை முடிக்கிறார். இன்னோர் அதிகாரத்தின் முடிவில், சளைக்காமல் முயல்கிறவர் அந்த ஊழையே புறங்காட்டி ஓட வைப்பார் என்கிறார். முரண்பாடு என்று சிறுவயதில் நினைத்தேன். அப்பாவைப் பார்த்த பிறகு, இரண்டையும் எழுதியிருக்காவிட்டால்தான் பொய்யாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

வெறி அடங்கிய பிறகு அப்பா செய்ததைச் சொல்கிறேன். யாரும் கேட்காமலே வங்கி அட்டையை என்னிடம் கொடுத்தார். "டாக்டர் நாளைக்கு மறுபடி அளவைக் கூட்டினாலும் கூட்டுவார். அப்போது நான் வந்து கெஞ்சுவேன், சத்தம்கூடப் போடுவேன். கொடுக்காதே. இப்போது சொல்வதுதான் என் சொல்." கைபேசியில் அந்தச் செயலிகளை என்னை விட்டே பூட்ட வைத்தார். வரப்போகும் தன்னைத் தெரிந்துகொண்டு, இப்போதே அதற்கு வேலி போட்டார். இதுவும் நியூரான்களின் வேலைதான் என்பீர்கள். சரி, நியூரான்களின் வேலைதான். அதனால் அது அப்பாவின் வேலை இல்லை என்று எப்படி ஆகும்? நான் சுதந்திரம் என்று சொல்வது இதைத்தான். காரணங்களுக்கு வெளியே நிற்பதை நான் கேட்கவில்லை. யோசித்து, தன்னைத் தானே பிடித்து நிறுத்திக்கொள்ளும் திராணியைச் சொல்கிறேன். அது நோயில் குறைகிறது, போதையில் குறைகிறது, தூக்கமில்லாத இரவில்கூடக் குறைகிறது. மருந்தால் போகிறது, மருந்தை மாற்றினால் திரும்புகிறது. குறைவதும் கூடுவதும் உண்மை என்றால் அந்தப் பொருளும் உண்மைதானே?

அதனால் உங்களிடம் கேட்கிறேன். இது எப்போது சுருங்குகிறது, எதனால் விரிகிறது, யாருக்கு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று ஆராய்ந்து எழுதுங்கள். இந்த மருந்தை முதன்முதலாக எழுதும் அன்றைக்கே நோயாளியோடு வீட்டாரையும் உட்காரவைத்து எச்சரிக்க வேண்டும் என்று, மேடையில் ஏறும்போதெல்லாம் சொல்லுங்கள். எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. தவறு செய்தவனைப் பழிவாங்கத் துடிக்கும் தண்டனைகள் வேண்டாம் என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள். அதில் நான் உங்கள் பக்கம். ஆனால் பழியைத் துடைக்கிறேன் என்று பொறுப்பையும் சேர்த்துத் துடைத்துவிடாதீர்கள், அதை ஆசையோடு வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

அதை எனக்குக் காட்டியதும் அப்பாதான். ஒரு நாள் நான் அவரைத் தேற்றப் பார்த்தேன். "அது நீங்களே இல்லை அப்பா, அந்த மாத்திரை." அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இழுத்தது மாத்திரை. சரி. உங்கம்மாவிடம் வைப்புத்தொகை புதுப்பித்தேன் என்று சொன்னது யார்? அதற்குமா மாத்திரை?"

அன்று சாயங்காலம் பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து உட்கார்ந்தார். பக்கத்தின் நடுவில் நடுங்கும் கையால் ஒரு கோடு கிழித்தார். இடப்பக்கம் 'மாத்திரை' என்றும் வலப்பக்கம் 'நான்' என்றும் தலைப்பு எழுதினார். போன பணம், சொன்ன பொய், மறைத்த ரசீது ஒவ்வொன்றையும் தேதி போட்டு ஏதாவது ஒரு பக்கத்தில் ஏற்றினார். மூன்று நாள் ஆயிற்று. அப்புறம் நோட்டை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, வலப்பக்கத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டார்.

பதினோரு வரிகளை மட்டும் அவரால் எந்தப் பக்கத்திலும் ஏற்ற முடியவில்லை. அவற்றைக் கோட்டின் மேலேயே எழுதி, பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார். நோட்டு அவருடைய தலையணைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தப் பதினோரு வரிகளை எப்படிப் பிரிப்பது என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள், அவரிடம் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்