உட்கரு உறைக்கு ஒரு வரி போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வார அறிவியல் பக்கத்தில் செல் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு பத்திகள் கொடுத்தவர், மரபணுக்கள் இருக்கும் உட்கருவின் உறையை “உட்கருவைச் சுற்றியிருக்கும், என்றும் கலையாத பாதுகாப்புச் சவ்வு” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மேல்நிலை வகுப்புகளில் 32 ஆண்டுகள் உயிரியல் நடத்திய எனக்கு அந்த வரியைக் கடந்துபோக மனம் வரவில்லை.

அது ஒரு சவ்வு அன்று, இரண்டு. வெளிச்சவ்வு அப்படியே நீண்டு, செல்லுக்குள் பரந்திருக்கும் சவ்வு வலையான எண்டோபிளாச வலையோடு கலந்துவிடுகிறது. இரண்டு சவ்வுகளும் சேருமிடங்களில் துளைகள் இருக்கின்றன. வெங்காயத் தோலில் அயோடின் விட்டுப் பள்ளி நுண்ணோக்கியில் பார்த்தால் உட்கரு தெரியும், துளைகள் தெரியா. 1950-இல் நீர்நில வாழ்விகளின் முட்டைச் செல்களை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோதுதான் அவை கண்ணில் பட்டன. சிறு மூலக்கூறுகள் அவற்றின் வழியே தாமாகவே போய்வரும். பெரிய புரதம் உள்ளே போக வேண்டுமானால் அதன் அமினோ அமில வரிசையிலேயே முகவரி இருக்க வேண்டும். அதை அறிந்து அழைத்துச் செல்ல இம்போர்ட்டின் போன்ற புரதங்கள் உண்டு.

இந்த உறை எதற்காக என்பதைத்தான் கட்டுரை முதலில் சொல்லியிருக்க வேண்டும். பாக்டீரியாவுக்கு உட்கரு உறை கிடையாது. அங்கே மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ.வைப் படியெடுத்து முடிவதற்குள்ளாகவே ரைபோசோம்கள் அதில் ஏறிப் புரதம் செய்யத் தொடங்கிவிடும். நம் மரபணுக்களிலோ புரதத்துக்கு உதவாத இன்ட்ரான் பகுதிகள் இடையிடையே கிடக்கின்றன. அவற்றை வெட்டி எடுத்து, மிச்சத்தை ஒட்டாமல் படித்தால் தவறான புரதம்தான் வரும். ரைபோசோம்கள் உறைக்கு வெளியே வேலை செய்வதால் அந்த வெட்டி ஒட்டும் பணிக்கு அவகாசம் கிடைக்கிறது. எனக்குத் தெரிந்து செல்லில் இதைவிட அழகான ஏற்பாடு வேறில்லை.

“என்றும் கலையாத” என்பதும் பிழை. நம் செல்கள் பிரியும்போது உறை கலைந்து, குரோமோசோம்கள் இரு பக்கமும் போய்ச் சேர்ந்தபின் மீண்டும் உருவாகிறது. ஈஸ்ட் போன்ற சில உயிரிகளில் கலையாமலே பிரிகிறது.

உறையின் உட்புறம் லாமின் என்னும் புரத வலை தாங்கி நிற்கிறது. அதற்கான மரபணுவின் டி.என்.ஏ. வரிசையில் ஓர் எழுத்து மாறுவதே, குழந்தைகளுக்கு விரைவில் முதுமை வரச் செய்யும் புரோஜீரியா நோய்க்குக் காரணம் என்று 2003-இல் கண்டறிந்தார்கள். உட்கரு வடிவம் குலைந்து புடைக்கிறது. பிஞ்சு வயதிலேயே முடி உதிர்ந்து, இரத்தக் குழாய்கள் இறுகி, சிகிச்சை இல்லாவிட்டால் அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் பதினான்கு, பதினைந்து வயதில் இதய நோயால் இறந்துவிடுகிறார்கள். 2020-இல்தான் அமெரிக்காவில் லோனாஃபார்னிப் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. இதை நடத்திய நாளில், “டீச்சர், ஒரே ஓர் எழுத்தாலா?” என்று கேட்ட மாணவி, மணி அடித்த பிறகும் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை.

அடுத்த இதழில் உட்கரு உறைக்கென்று அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். துளைகள் தெளிவாகத் தெரியும் மின்னணு நுண்ணோக்கிப் படம் ஒன்றையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியை,
மன்னார்குடி.