பங்களா வாசல் பலகையில் இரண்டு வரி

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவில் குடியேறியிருக்கும் ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும்,

வணக்கம். பங்களாவைப் பார்க்க எல்லாரையும் கூப்பிட்டிருந்தீர்கள், நானும் வந்தேன். முன்வாசல் வழியாக உள்ளே போனது அன்றுதான் முதல் தடவை. தாத்தா அங்கே அப்புவாக, அதாவது பங்களா வேலைக்காரராக இருந்தவர், அவருக்கும் பின்வாசல்தான்.

இஸ்தோப்பில், அதுதான் முன் விறாந்தையில், 'இந்த வீட்டின் உரிமையாளர்கள்' என்று பலகை மாட்டியிருக்கிறீர்கள். எழுத்து அழகு. ஆனால் பட்டியல் ஒரு கோப்பித் துரையில் தொடங்கி உங்களில் முடிகிறது. இரண்டுமே பிழை. இன்னும் இரண்டு வரி சேர்க்க வேண்டும்.

துரைக்குக் காணி எங்கிருந்து வந்தது? உரிமைக்கு ஆதாரம் காட்டாத காடும், காடெரித்துப் பயிரிடும் சேனை நிலமும் பிரித்தானிய முடிக்குரியவை என்றது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். கண்டிச் சீமைக் கிராமத்தாரிடம் ஏது காணி உறுதிப் பத்திரம்? ஏக்கர் 5 ஷில்லிங்குக்கெல்லாம் காடு கைமாறியது. பலகையில் முதல் வரி அந்தக் கிராமத்தாருக்கு.

கோப்பி இலைநோயில் செத்தது, தேயிலை வந்தது, லண்டன் கம்பனி வந்தது. அதெல்லாம் பலகையில் சரியாகவே இருக்கிறது. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் தனியாருக்குப் போய்விட்டது என்கிறோமே, போனது நிர்வாகமும் குத்தகையும்தான். மண் இன்றும் அரசாங்கத்துடையது; குத்தகை 2045இல் முடியும். ஆக, நீங்கள் குத்தகைக்காரரிடம் வாடகைக்கு இருப்பவர்கள். குறையாகச் சொல்லவில்லை. கீழ் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், நாங்களும் ஐந்து தலைமுறையாக உறுதி இல்லாமல்தான் கிடக்கிறோம்.

உள்ளே ஜூலியா மார்கரெட் கமரோன் என்ற பிரித்தானியப் புகைப்படக்காரர் எடுத்த படத்தின் பிரதி ஒன்று பார்த்தேன். 1879இல் இறந்து, பொகவந்தலாவைத் தேவாலய முற்றத்தில் அடங்கியிருக்கும் அதே அம்மையார். இலங்கையில் அவர் படம் பிடித்த உழைப்பாளி முகங்களில் பலவற்றுக்குப் பெயரே இல்லை. பங்களாவில் சமைத்தவர்கள், விறகு பிளந்தவர்கள், தோட்டம் கொத்தியவர்கள் பெயர் வேண்டுமென்றால் லயத்துக்கு வாருங்கள், சொல்கிறோம். இரண்டாவது வரி அது.

அப்புறம், குசினிக்குப் பின்னால் இருக்கும் அம்மிமேல் பூச்சட்டி வைத்திருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். அம்மி ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். பாட்டிக்கு இடது கைதான் வாட்டம். குழவியைக் காணோமே என்று தேட வேண்டாம். தாத்தா வேலையை விட்ட அன்று பாட்டி அதைக் கொழுந்துக் கூடையில் போட்டுத் தூக்கி வந்துவிட்டாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்பதென்றாலும் யாரைக் கேட்பது?

பலகையைத் திருத்துங்கள், குழவியை நானே கொண்டுவந்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
கீழ் லயத்து அப்புவின் பேத்தி