அந்த 210 ரூபாயைப் பற்றி: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மேற்கு மாம்பலத்தில் நம் பாத்திரக் கடைக்கு வந்து போகிற உங்களில் பலர் அந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். இடப்பக்கம் எங்கள் கடையின் பில்: ஐந்து லிட்டர் குக்கர், 1,900 ரூபாய். வலப்பக்கம் இணைய விற்பனைத் தளம் ஒன்றின் பக்கம்: அதே குக்கர், 1,690 ரூபாய், விற்பவர் என்ற இடத்தில் எங்கள் கடையின் பெயர். அதற்குக் கீழே, "தெரிந்த முகத்துக்கு ஒரு விலை, முகம் தெரியாத ஊருக்கு ஒரு விலை" என்று ஒரு வரி. ஒரு குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தொடங்கிய அந்தப் படம், போன வியாழக்கிழமை என் மைத்துனரின் கைபேசிக்கே வந்து சேர்ந்தது.

படத்தில் இருப்பது உண்மை. இரண்டு விலையும் எங்களுடையவைதான். அதை மறுக்க இந்த மடலை எழுதவில்லை.

ஆனால் அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. 210 ரூபாய் அதிகம் என்று மட்டும் சொல்லியிருந்தால் வருத்தத்தோடு கடந்து போயிருப்பேன். தெரிந்தவர்களிடம் கூடுதலாக வாங்கினோம் என்று சொன்னதுதான் தாங்கவில்லை. 1978-இல் அப்பா இந்தக் கடையைத் திறந்த நாளிலிருந்து விலைச் சீட்டு ஒட்டாமல் ஒரு பாத்திரத்தையும் அடுக்கில் வைத்ததில்லை. சீர் வாங்க வருகிறவர்களுக்கும், ஒரே ஒரு கேஸ்கட்டுக்கு வருகிறவர்களுக்கும் சீட்டில் உள்ள விலைதான். ஆள் பார்த்து விலை சொல்கிற கடையில் பேரம் பேசத் தெரியாதவர்தான் தோற்பார் என்று அப்பா சொல்வார். அந்தக் குக்கரை 1,900 ரூபாய்க்கு வாங்கிய ஒவ்வொருவரும் அதே 1,900-தான் கொடுத்தார்கள். என் சொந்தச் சித்தி உட்பட. இதை நான் பில் புத்தகத்தை வைத்துக் காட்டத் தயார். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

அப்படியானால் 1,690 எங்கிருந்து வந்தது? கணக்கை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் குக்கர் வரியோடு சேர்த்து எங்களுக்கு 1,540 ரூபாய்க்கு அடங்குகிறது. கடையில் விற்றால் இடையில் நிற்கும் 360 ரூபாயில் வரி, வாடகை, இரண்டு பேர் சம்பளம், மின்கட்டணம் எல்லாம் போக மிஞ்சுவதுதான் எங்கள் பிழைப்பு. சென்ற ஆண்டு, கடைக்குக் கூட்டம் குறைகிறதே என்ற கவலையில், அறுபது குக்கர்களை இணையத்தில் விற்கப் பதிவு செய்தோம். தொடக்கத்தில் கடை விலையான 1,900-ஐயே போட்டோம். தளத்தின் கமிஷன் 8 சதவீதம், ஒவ்வொரு ஆர்டருக்கும் நிலையான கட்டணம் 40 ரூபாய், எடை பார்த்துப் பார்சலுக்கு 105 ரூபாய், அட்டைப்பெட்டிக்கும் ஒட்டு நாடாவுக்கும் 30 ரூபாய். எல்லாம் போக எங்கள் கைக்கு நின்றது முப்பது ரூபாய்ச் சொச்சம்.

அந்த விலைக்கு இரண்டு மாதத்தில் நான்கு குக்கர்தான் போயிற்று. ஏனென்றால் ஒரே பொருளைப் பத்துப் பேர் விற்கும்போது, 'வாங்கு' என்ற பொத்தான் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது. மற்ற ஒன்பது பேர் உள்ளே ஒரு மூலையில் பட்டியலாகக் கிடக்கிறோம். விலை குறைத்தால் பொத்தான் நம் பக்கம் வரும். குறைத்தோம். அடுத்த ஊர்க்காரர் ஐந்து ரூபாய் குறைத்தார். நாங்களும் குறைத்தோம். மொத்த வியாபாரிக்குக் கட்ட வேண்டிய தவணை நெருங்கியபோது, சரக்கைப் பணமாக்கினால் போதும் என்று 1,690-க்கு இறங்கினேன். அந்த விலையில் குக்கருக்கு 160 ரூபாய் எங்கள் கையிலிருந்து போயிற்று. திரும்பி வந்தவை தனி. தை பிறப்பதற்கு முன் வாங்கிப் பொங்கல் முடிந்த வாரம் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு குக்கரின் அடியில் பால் கருகிய தடம் இருந்தது. அதற்குப் போக வர இரண்டு பார்சல் கூலியையும் எங்கள் கணக்கில்தான் பிடித்தார்கள்.

ஆக, அந்த 1,690 எங்கள் நியாயமான விலையும் அல்ல, வெளியூர்க்காரருக்கு நாங்கள் காட்டிய சலுகையும் அல்ல. தெரியாமல் இறங்கிவிட்ட ஒருவன் கரையேறுவதற்காகக் கொடுத்த விலை.

தளத்தின் பெயரைச் சொல்லவில்லை. நான் படித்துப் பார்த்த வரையில் பெரிய தளங்கள் பலவற்றின் கட்டணமும் ஏறக்குறைய இதே வகைதான். "அவர்களால் மட்டும் எப்படி இவ்வளவு குறைத்துக் கொடுக்க முடிகிறது?" என்று கடையில் வாரம் ஒருவராவது கேட்கிறீர்கள். இத்தனை நாள் எனக்கே சரியாகப் பதில் தெரியாது. பட்ட பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். கணக்குப் படித்த என் மகள் ஆண்டறிக்கைகளை எடுத்து விளக்கினாள். முதலில் புரிந்துகொண்டது இது: பெரும்பாலும் அவர்கள் குறைப்பதில்லை. குறைப்பது விற்கிற எங்களைப் போன்றவர்கள். வெளிநாட்டு முதலீடு உள்ள இணையத் தளங்கள் நம் நாட்டில் குக்கர் போன்ற சரக்கைத் தாங்களே வாங்கி வைத்து உங்களுக்கு நேரடியாக விற்க விதி இடம் தரவில்லை. சந்தை நடத்தலாம், அவ்வளவுதான். அமேசானுக்கும், 2018-இல் வால்மார்ட் வாங்கிய ஃபிளிப்கார்ட்டுக்கும் இதே விதிதான். சந்தை நடத்துபவருக்குக் குக்கர் என்ன விலைக்குப் போனாலும் இடத்துக்கான பணம் வந்துவிடும்.

நம் தொழிலிலிருந்தே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தர முத்திரை விதிக்கு இணங்காத குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக அமேசானுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் அந்த ஆணையை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. வழக்கைப் பற்றி நான் பேச வரவில்லை. அந்த ஆணையில் இருந்த ஓர் எண்தான் என் கண்ணில் பட்டது. அப்படி விற்ற 2,265 குக்கர்களுக்காக அந்த நிறுவனத்துக்குக் கட்டணமாகக் கிடைத்தது 6,14,825 ரூபாய். வகுத்துப் பாருங்கள், குக்கருக்கு 271 ரூபாய். 1,690-க்கு விற்ற ஒவ்வொரு குக்கருக்கும் நான் கட்டியது 280. படித்தபோது என் பேரேட்டை யாரோ எடுத்து வாசித்தது போல இருந்தது.

கமிஷனோடு முடிவதில்லை. தேடினால் மேலே வருகிற முதல் சில பொருள்களின் ஓரத்தில் விளம்பரம் என்று சிறிய எழுத்தில் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அந்த இடத்துக்கு ஏலம் நடக்கிறது. நீங்கள் அதைத் தொட்டுப் பார்த்தாலே விற்பவர் பணம் கட்ட வேண்டும், வாங்காவிட்டாலும் சரி. கடைக்குள் வந்து பாத்திரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஒவ்வொருவருக்காகவும் நான் கட்டட உரிமையாளருக்கு ஐந்து ரூபாய் கட்டுவது போன்றது அது. அமேசானுக்கு 2024-இல் விளம்பரத்தில் மட்டும் வந்தது 5,620 கோடி டாலர். விற்பவர்களிடம் கமிஷன், கிடங்கு, பார்சல் என்று வாங்கியது 15,610 கோடி டாலர். பிரைம் போன்ற சந்தாக்களில் 4,440 கோடி. சந்தா கட்டியவர் கட்டிய பணத்துக்காகவே வேறு கடை தேடமாட்டார் என்பது என் மகள் சொன்ன விளக்கம். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

இவற்றையெல்லாம்விட என்னை வியக்க வைத்தது வேறொன்று. அந்த நிறுவனத்தின் லாபத்தில் பாதிக்கு மேல் கடையிலிருந்தே வருவதில்லை. 2006 முதல் தங்கள் கணினிகளை மற்ற நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஏடபிள்யூஎஸ் என்று பெயர். 2024-இல் மொத்த விற்றுவரவு 63,800 கோடி டாலர். அதில் கணினி வாடகையின் பங்கு ஆறில் ஒன்றுதான். ஆனால் செயல்பாட்டு லாபம் 6,860 கோடியில் 3,980 கோடி அந்த வாடகையிலிருந்து வந்தது. 2022-ஐப் பார்த்தால் இன்னும் தெளிவு: கணினி வாடகையில் 2,280 கோடி லாபம், மொத்தமாகப் பார்த்தால் 1,220 கோடிதான். அதாவது மற்ற எல்லாமும் சேர்ந்து ஆயிரம் கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஓராண்டு முழுவதும் கடை நஷ்டத்தில் ஓடினாலும் நிறுவனம் நிற்கும். எங்களுக்கு அப்படி இன்னொரு கல்லா இல்லை. குக்கர், தூக்கு, இட்லிப் பானை, சம்படம் இவற்றில் நிற்கிற பணம்தான்.

1994-இல் தொடங்கி இந்த அளவுக்கு வளர்ந்தவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. நடமாட முடியாத பெரியவர்களுக்கும், வேலைக்குப் போய் இரவு வீடு திரும்புகிறவர்களுக்கும் அது பெரிய வசதி. என் வீட்டிலும் வாங்குகிறோம். அந்த விலையை எங்கள் அடுக்கில் உள்ள சீட்டோடு ஒப்பிட்டு, எங்களை ஏமாற்றுக்காரர்கள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

தவறு எங்கே நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வைகாசியிலேயே இணைய விற்பனையை நிறுத்திவிட்டோம் என்று நினைத்திருந்தேன். அந்த ஒரு பக்கத்தை மூடாமல் விட்டது என் கவனக்குறைவு. கடையில் 1,900 கொடுத்துவிட்டு அதைப் பார்க்கிறவருக்கு என்ன தோன்றும் என்பது எனக்குப் புரிகிறது. அதற்காக மனதார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். படம் வந்த அன்றே பக்கத்தை எடுத்துவிட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் படியேறி வந்து, "நீங்கள் சொல்லுங்கள், கேட்கிறோம்" என்று நின்றவர்களை மறக்கமாட்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்று வடிந்தபோது, சேறு படிந்த எவர்சில்வர் பாத்திரங்களைத் தெருக்குழாயில் கழுவிக் கொடுத்தவர்கள் நீங்கள்தான். அட்டைப்பெட்டி நனைந்த பாத்திரங்களை, "பெட்டியிலா சமைக்கப் போகிறோம்?" என்று சொல்லி முழு விலை கொடுத்து வாங்கிப் போனவர்களும் நீங்கள்தான். உங்கள் அம்மாவின் சீர்த் தவலையில் என் அப்பா பெயர் வெட்டித் தந்ததைச் சொல்லி, மகளின் சீருக்கும் இங்கேயே வருகிறீர்கள். எங்கள் கடையில் பாத்திரங்களில் பெயர் வெட்டும் தம்பி ஆடியில் வேறு வேலைக்குப் போய்விட்டதால், ஐப்பசி முதல் பெயர் வெட்ட எழுத்துக்கு 3 ரூபாயும் வீட்டுக்குக் கொண்டுவந்து தர 40 ரூபாயும் வாங்க வேண்டியிருக்கிறது. கேஸ்கட், வெயிட், சேஃப்டி வால்வு எங்களிடம் வாங்கினால் மாட்டித் தருவதற்கு எப்போதும்போல் கூலி இல்லை. குக்கர் எங்கே வாங்கியதாக இருந்தாலும் சரி, மூடியைக் கொண்டு வாருங்கள்.

இணையத்துக்காக ஒதுக்கிய அறுபதில் பதினொரு குக்கர் மிச்சம் இருக்கின்றன. பார்சல் கூலியும் கமிஷனும் இல்லாததால் அவற்றை அதே 1,690-க்கு இங்கே தருகிறேன். இந்த ஆண்டு 1,900-க்கு வாங்கியவர்கள் பில்லோடு வந்தால், வித்தியாசத்துக்குப் பதிலாக ஒரு கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் எடுத்துக்கொள்ளலாம்.

அந்தப் படத்தை முதலில் அனுப்பிய அம்மா யார் என்று எனக்குத் தெரியும். இருபது ஆண்டுகளாக வருகிறவர். கோபம் எதுவும் இல்லை; கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறார், என்னிடமே கேட்டிருக்கலாம் என்ற வருத்தம் மட்டும் உண்டு. அம்மா, நீங்கள் போன மாதம் சொல்லிவிட்டுப் போன ஏழரை லிட்டர் குக்கரின் கைப்பிடி வந்துவிட்டது. உங்கள் பெயர் எழுதி எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கடை உரிமையாளர்
மேற்கு மாம்பலம், சென்னை